டி. ரெக்ஸ் வேட்டையாடியதா, செத்ததைத் தின்றதா?

கேள்வி: வைகைக்கரை

என் மகள் எட்டாம் வகுப்பு, டைனோசர் பைத்தியம். சமீபத்தில் எங்கேயோ ஒரு பழைய ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து டி. ரெக்ஸ் வேட்டையே ஆடாது, பிணம் தின்று வயிறு வளர்த்த மிருகம் என்று சாதிக்கிறாள். அவள் அடுக்கும் காரணங்கள் இவை: பன்னிரண்டு மீட்டர் நீள உடம்புக்குக் கை ஒரு மீட்டர்தான், அதை வைத்து எதையும் பிடிக்க முடியாது. மூளையில் மோப்பத்துக்கான பகுதி ரொம்பப் பெரியது, பிணந்தின்னிக் கழுகு மாதிரி. காலெலும்பு ஓடுவதற்கு ஏற்ற அளவில் இல்லை. பல் தடியானது, எலும்பை நொறுக்கத்தான் லாயக்கு.

அவள் அப்பாவோ, “எட்டு டன் மிருகம், எவனாவது சாகட்டும் என்று வாயைத் திறந்துகொண்டு காத்திருக்குமா?” என்கிறார். தினமும் சாப்பிடும்போது இதே சண்டை. எனக்குச் சோறு போடவே பயமாக இருக்கிறது.

என் கேள்வி வேறு. செத்த பிறகு கடித்ததா, உயிரோடு இருக்கும்போது கடித்ததா என்று ஆறரைக் கோடி ஆண்டு கழித்து ஒருவர் எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் இரண்டு பேரும் சும்மா கத்துகிறார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

பாறைப்பூ

உங்கள் மகள் சொல்வது அப்படியே ஜாக் ஹார்னரின் வாதம். மொன்டானா மாநிலம் போஸ்மன் நகரில் இருக்கும் ராக்கீஸ் அருங்காட்சியகத்தில் பல காலம் இருந்தவர். டைனோசர்கள் கூடு கட்டிக் குஞ்சு வளர்த்தன என்பதை உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர். எனவே ஏதோ விளம்பரத்துக்காகப் பேசிய ஆள் இல்லை. 1990களில் அவர் இதைச் சொன்னபோது பெரிய பரபரப்பு.

ஆனால் யோசனை அவரோடு தொடங்கவில்லை. 1917-லேயே கனடாவின் லாரன்ஸ் லாம், டி. ரெக்ஸின் ஒன்றுவிட்ட உறவான கோர்கோசாரஸ் பற்றி இதே முடிவுக்கு வந்தார். பல் அவ்வளவாகத் தேயவில்லை, ஆகவே அழுகி மெத்தென்று போன இறைச்சியைத்தான் தின்றிருக்கும் என்றார். இந்த விலங்குகளுக்குப் பல் வாழ்நாள் முழுக்க விழுந்து விழுந்து முளைக்கும், புதுப் பல் தேயாமல்தான் இருக்கும் என்பதால் அந்த வாதம் பிறகு நிற்கவில்லை.

என் கருத்து: இரண்டும் செய்திருக்கும். சிங்கமும் இரண்டும் செய்கிறது. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

காட்டோர வைத்தியன்

பாறைப்பூ சொல்லும் “இரண்டும் செய்திருக்கும்” சரிதான், ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்தினால் சுவாரசியமான பாதி போய்விடும். கேள்வி கேட்ட அம்மா கேட்டது வேறு: எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று.

நான் கால்நடை மருத்துவர். சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய ஊர்களில் வேலை. டைனோசர் என் துறை இல்லை. ஆனால் “கொன்றது யார், தின்றது யார்” என்பது என் அன்றாடக் கேள்வி. மாட்டைப் புலியோ சிறுத்தையோ அடித்தால் இழப்பீடு கேட்கலாம். தானாகச் செத்த மாட்டை ராத்திரி சிறுத்தை வந்து தின்றால் கேட்க முடியாது. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் கிடக்கும். வயிறு திறந்திருக்கும், தொடை குறைந்திருக்கும், ஈ மொய்க்கும். தின்ற இடத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கழுத்துத் தோலை உரிக்க வேண்டும். கோரைப்பல் இறங்கிய ஓட்டையைச் சுற்றித் தோலுக்கு அடியில் ரத்தம் கறுத்து உறைந்து பரவியிருந்தால், பல் இறங்கியபோது இதயம் துடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். ஓட்டை இருக்கிறது, சுற்றிலும் சதை வெளிறிக் கிடக்கிறது என்றால், கடி விழுந்தது செத்த உடம்பில்.

டைனோசரில் தோலும் இல்லை, ரத்தமும் இல்லை. மிஞ்சியது எலும்பு. எலும்பில் கடித்த அன்றே எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் விலங்கு பிழைத்துக்கொண்டால், சில வாரங்களில் காயத்தின் கூர்மையான விளிம்பு மழுங்கும், புது எலும்பு வளர்ந்து மூடும், முடிச்சு மாதிரி தடிக்கும். சீழ் பிடித்திருந்தால் அதற்கும் தடம் இருக்கும். கால் ஒடிந்து தானாகக் கூடிய ஆட்டின் எலும்பை வேகவைத்துச் சுத்தம் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அப்படியானால் எலும்பில் “உயிரோடு இருக்கும்போது கடிபட்டது” என்று அடையாளம் காட்டக்கூடிய ஒரே விலங்கு எது? தப்பித்துப் போனது. வேட்டை வெற்றியாக முடிந்திருந்தால், அந்த எலும்பில் இருக்கும் பல்தடம் பிணத்தைத் தின்ற பல்தடத்தைப் போலத்தான் இருக்கும். வேட்டையாடியது என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல சாட்சிகள் எல்லாம் டி. ரெக்ஸ் கோட்டைவிட்ட வேட்டைகளிலிருந்து வந்தவை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று கொம்புள்ள ட்ரைசெராடாப்ஸின் இடுப்பெலும்பு ஒன்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட டி. ரெக்ஸ் பல்தடங்கள் இருப்பதை 1996-ல் கிரெகரி எரிக்சனும் உடனிருந்தவரும் எழுதினார்கள். பல் ஆழமாகக் குத்தி இறங்கி, அப்படியே பின்னால் இழுத்த கோடு. பார்க்கவே பயமாக இருக்கும். படம் போடுகிறவர்கள் இதை வைத்து ரத்தக்களரியாக ஒரு வேட்டைக் காட்சியைப் போடுவார்கள். ஆனால் அதில் ஒரு தடம்கூட ஆறவில்லை. உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றது என்பதற்கு மேல் அந்த எலும்பு எதுவும் சொல்லாது. நான் சான்றிதழ் எழுதுவதாக இருந்தால் “இறப்புக்கான காரணம் தெரியவில்லை” என்றுதான் எழுதுவேன்.

இனி தப்பித்தவை.

டென்வர் இயற்கை அருங்காட்சியகத்தில் எட்மான்டோசாரஸ் ஒன்றின் எலும்புக்கூடு இருக்கிறது. இது வாத்துமூக்கு டைனோசர், இலைதழை தின்பது. அதன் வாலில், முதுகெலும்பின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் முட்கள் வரிசையில் ஓரிடத்தில் ஒரு கவளம் குறைகிறது. வரிசையாகச் சில முட்களின் நுனி போய், இருக்கிற மிச்சம் தடித்து ஆறியிருக்கிறது. கென்னத் கார்பென்டர் இதை 1990களின் கடைசியில் விவரித்தார். அந்த உயரத்தில், அந்த அகலத்துக்கு வாய் வைக்கக்கூடிய மிருகம் அந்தக் காலத்தில் அங்கே டி. ரெக்ஸ்தான்.

இன்னொன்று ட்ரைசெராடாப்ஸ் தலை. கண்ணுக்கு மேல் இருக்கும் கொம்புகளில் ஒன்று கடித்து முறிக்கப்பட்டிருக்கிறது, கழுத்துக் கவசத்திலும் பல்தடம். முறிந்த இடத்தில் எலும்பு மறுபடி வளர்ந்திருக்கிறது. எனக்கு இது வாலைவிடப் பிடித்த சாட்சி. கொம்பில் தின்ன என்ன இருக்கிறது? பிணம் தின்ன வந்தவன் கொம்பை எதற்குக் கடிக்கிறான்? எதிரில் நின்று முட்ட வந்த கொம்பைத்தான் கடித்திருப்பான்.

சந்தேகப் பிராணி

வைத்தியரே, உங்கள் வால் சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்யலாமா? வாத்துமூக்கு டைனோசர்கள் கூட்டமாக வாழ்ந்தவை. பல டன் எடையுள்ள இன்னொன்று வாலை மிதித்திருக்கலாம். வால் முறிந்து ஆறிய எலும்புகள் அந்த வகையில் ஏராளம் கிடைக்கின்றன. பல்தடம் தெளிவாக இல்லாத ஒரு பழைய காயத்தை வைத்துக்கொண்டு “டி. ரெக்ஸ்தான் கடித்தது” என்றால் எந்த நீதிபதி ஒப்புக்கொள்வார்?

அப்புறம் வேகம். 2002-ல் ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக ஓட வேண்டுமானால், காலில் எந்த விலங்குக்கும் இல்லாத அளவு தசை வேண்டும். மிஞ்சிப்போனால் மணிக்கு 40 கி.மீ., அதுவும் சந்தேகம். 2017-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த கணினி மாதிரி இன்னும் மோசம். ஓடினால் காலெலும்பு தாங்காது, வேகநடைதான் என்றது. நடந்துபோய் யாரை வேட்டையாடுவது?

காட்டோர வைத்தியன்

நல்ல விசாரணை. மிதிபட்ட வால் என்பதை நானும் ஒதுக்கவில்லை. மாட்டுத் தொழுவத்தில் வால் மிதிபட்டு ஒடிவது சாதாரணம். டென்வர் எலும்பு ஒன்றுதான் சாட்சி என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன்.

ஆனால் 2013-ல் வந்ததைப் பாருங்கள். தெற்கு டகோட்டாவில், ஹெல் கிரீக் பாறை அடுக்கில் கிடைத்த வாத்துமூக்கு டைனோசரின் வால் முதுகெலும்பு இரண்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புது எலும்பு வளர்ந்து வீங்கியிருக்கின்றன. அந்த வீக்கத்துக்குள்ளே முறிந்த டி. ரெக்ஸ் பல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல்லைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூடியிருக்கிறது. பல் குற்றவாளியின் பெயரைச் சொல்கிறது, வளர்ந்த எலும்பு அன்றைக்கு இரை உயிரோடு இருந்ததைச் சொல்கிறது. மிதித்த கால் பல்லை விட்டுவிட்டுப் போகாது. கடித்த இடமும் கவனிக்க வேண்டியது. வால் என்றால் பின்னாலிருந்து வந்த கடி. ஓடுகிற இரையை எட்டிப் பிடிக்கப் பார்த்து நழுவவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

அந்தக் காயத்தோடு அது எத்தனை காலம் வாழ்ந்தது என்று தெரியாது, ஆனால் எலும்பு அப்படிக் கூடுகிற அளவுக்கு வாழ்ந்தது.

வேகத்துக்கு வருகிறேன். வேட்டைக்காரன் வேகமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, இரையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். ட்ரைசெராடாப்ஸ் மான் இல்லை. பல டன் எடையோடு நான்கு காலில் நடப்பது. நீங்கள் சொன்ன அதே எடைக் கணக்கு அதற்கும் பொருந்தும். புலிகூட மானைத் துரத்திப் பிடிப்பதில்லை, பதுங்கி நெருங்கி ஒரே பாய்ச்சல்தான். பாய்ச்சல் தவறினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

மூக்கைப் பற்றி வைகைக்கரை அம்மாவின் மகளிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மோப்பம் பிடித்துப் பிணத்தைத் தேடுவது அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு. நம் பக்கத்துப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், அப்படி இல்லை. எங்கள் மோயாறு பள்ளத்தாக்கில் வட்டமடிக்கும் வெண்முதுகுப் பாறு கண்ணால் பார்த்துத்தான் இறங்குகிறது. மேலே ஒன்று தாழ இறங்கினால் தூரத்தில் இருக்கும் மற்றதெல்லாம் அதைப் பார்த்து வரும். பிணம் மட்டுமே தின்னும் பறவைக்கு மூக்கு வேலை செய்யவில்லை. உயிருள்ளதைத் துரத்தும் ஓநாய்க்கு மூக்குதான் எல்லாம். ஆக, பெரிய மூக்கு எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது.

கண்ணை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டி. ரெக்ஸின் கண்கள் முன்பக்கம் பார்த்திருந்தன. 2006-ல் கென்ட் ஸ்டீவன்ஸ் கணக்கிட்டதில், இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு சுமார் 55 டிகிரி. அது பருந்தைவிட அதிகம். தூரத்தைத் துல்லியமாக மதிப்பிட அது வேண்டும். அசையாமல் கிடக்கும் பிணத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

கணக்குப்பிள்ளை

எலும்பை விடுங்கள், நான் சோற்றுக் கணக்கு பேசுகிறேன். பிணம் மட்டும் தின்று பிழைக்க முடியுமா என்பது வரவு செலவு விவகாரம்.

2003-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ரக்ஸ்டனும் ஹூஸ்டனும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். இன்றைய செரெங்கெட்டி சமவெளியில் எவ்வளவு விலங்குகள் செத்து விழுகின்றனவோ அதே அளவு அன்றைக்கும் விழுந்திருந்தால், டி. ரெக்ஸ் நடந்தே தேடிப் பிழைத்திருக்கலாம் என்று வந்தது. ஹார்னர் பக்கத்துக்கு ஒரு வெற்றி. ஆனால் அந்தக் கணக்கில் போட்டியாளர்கள் இல்லை. 2011-ல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் கிறிஸ் கார்போனும் மற்றவர்களும் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். சின்ன ஊனுண்ணிகள் எண்ணிக்கையில் மிக அதிகம், எனவே பிணத்தை அவைதான் முதலில் கண்டுபிடிக்கும். பெரியவர் வந்து சேரும்போது தோலும் எலும்பும்தான் மிஞ்சும். பெரிய பிணம் என்றால் நாள்கணக்கில் கிடக்கும், ஆனால் பெரிய பிணம் அரிதாகத்தான் விழும். அதை மட்டும் நம்பிப் பல டன் உடம்பை வளர்க்க முடியாது என்பது அவர்கள் முடிவு.

இன்றைக்கு முதுகெலும்புள்ள விலங்குகளில் பிணத்தையே முழுக்க நம்பி வாழ்பவை பாறுகள்தாம். காரணம், அவை செலவில்லாமல் காற்றில் மிதந்து நூறு கிலோமீட்டர் தேட முடியும். தரையில் நடக்கும் பாலூட்டி எதுவும் அப்படி வாழவில்லை.

பாறைப்பூ

கழுதைப்புலி?

காட்டோர வைத்தியன்

பாறைப்பூ, நல்ல இடத்தில் மாட்டினீர்கள். ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலியைத்தான் எல்லோரும் பிணந்தின்னி என்பார்கள். 1960களில் ஹான்ஸ் க்ரூக் என்பவர் தான்சானியாவின் கொரொங்கோரோவில் ராத்திரி முழுக்கக் கூடவே போய்ப் பார்த்தார். காலையில் சிங்கம் தின்றுகொண்டிருக்கும், கழுதைப்புலிகள் தள்ளி உட்கார்ந்து காத்திருக்கும். பார்க்கிறவர்கள் சிங்கம் அடித்த இரை என்று எழுதிக்கொள்வார்கள். ராத்திரி நடந்ததோ நேர்மாறு. அங்கே பெரும்பாலும் கழுதைப்புலிகள் அடிக்கும், சத்தம் கேட்டுச் சிங்கம் வந்து பிடுங்கிக்கொள்ளும். நம் ஊர் வரிக் கழுதைப்புலி வேறு மாதிரி, அது உண்மையிலேயே பெரும்பாலும் மிச்சம் மீதி தின்கிறது.

உயிரோடு கண் முன்னால் திரிகிற விலங்கிலேயே, யார் கொன்றது என்று தெரிந்துகொள்ள ராத்திரி விழித்திருக்க வேண்டியிருந்தது.

எலும்பை நொறுக்கும் பல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனடாவின் சஸ்காச்சவனில் கல்லாகிப்போன சாணம் ஒன்று கிடைத்தது. கேரன் சின் 1998-ல் விவரித்தார். நீளம் 44 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எலும்புத் துண்டுகள், இளம் தாவர உண்ணி ஒன்றின் எலும்பு. டி. ரெக்ஸ் இரையை எலும்போடு சேர்த்து விழுங்கியது ஏறத்தாழ உறுதி. ஆனால் எலும்பைத் தின்பது பிணந்தின்னிக்கு மட்டும் உரிய பழக்கமா? புள்ளிக் கழுதைப்புலி தான் அடித்த இரையையே எலும்போடு தின்கிறது. தவிர, 2017-ல் கணக்கிட்டபடி அதன் கடியின் விசை அதிகபட்சம் 34,000 நியூட்டனுக்கும் மேல். கிட்டத்தட்ட மூன்றரை டன் எடை ஒரு பல்வரிசையில் இறங்குகிற மாதிரி. கொல்வதற்கும் அது போதும்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். கொம்பு விஷயத்தில் வாய் அடைத்துவிட்டது. ஆனால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறாள். ஒன்று, அப்படியானால் கை எதற்கு? இரண்டு, ஹார்னர் இன்னும் அதையே சொல்கிறாரா?

காட்டோர வைத்தியன்

கை எதற்கு என்று இன்றுவரை ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை. ஆனால் வேட்டைக்குக் கை வேண்டும் என்பதே தப்பு. ஓநாயும் செந்நாயும் வாயால்தான் பிடிக்கின்றன. செந்நாய்க் கூட்டம் ஒரு புள்ளிமானை முடிக்கும் வேகத்தைப் பார்த்தால் கை என்ற யோசனையே வராது. டி. ரெக்ஸுக்கு அந்தத் தலை இருக்கும்போது கை எதற்கு?

ஹார்னர் பின்னால் கொஞ்சம் இறங்கிவந்தார். 2011-ல் அவரும் இருவரும் சேர்ந்து மொன்டானாவின் ஹெல் கிரீக் அடுக்கில் எந்த டைனோசர் எத்தனை கிடைக்கிறது என்று எண்ணி வெளியிட்டார்கள். ட்ரைசெராடாப்ஸ் 40 விழுக்காடு, டி. ரெக்ஸ் 24, எட்மான்டோசாரஸ் 20. இரைக்குச் சமமாக வேட்டைக்காரன் இருப்பது விநோதம். புலிக்கு இத்தனை மான் என்று கணக்குப் போடும் நம் வனக்காவலரிடம் இந்த விகிதத்தைச் சொன்னால் சிரிப்பார். ஆகவே அது முழுநேர வேட்டைக்காரனாக இருந்திருக்காது, கழுதைப்புலி மாதிரி கிடைத்ததைத் தின்றிருக்கும் என்றார்கள். “வேட்டையே ஆடாது” என்பதிலிருந்து இது நல்ல தூரம். புதைபடிவம் ஆவதில் பெரிய எலும்புக்கு இருக்கும் வசதியைக் கழித்துவிட்டு அந்த எண்ணை நான் பார்ப்பேன், ஆனால் எண்ணிப் பார்த்தது நல்ல வேலை.

பாப்பாவுக்கு நான் தரும் தீனி வேறு. கனடாவின் ஆல்பர்டாவில் கிடைத்த ஒரு குட்டி கோர்கோசாரஸ், லாம் சொன்ன அதே இனம், டி. ரெக்ஸுக்குச் சில மில்லியன் ஆண்டு மூத்தது. செத்தபோது ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள், எடை 335 கிலோ அளவு. அதன் வயிற்றுக்குள் சிட்டிபீஸ் என்ற பறவை மாதிரி டைனோசரின் குஞ்சுகள் இரண்டின் பின்னங்கால்கள் இருந்தன. 2023-ல் வெளியானது. இரண்டு குஞ்சும் ஒரு வயதுக்குள். ஒன்று மற்றதைவிட அதிகம் செரித்திருக்கிறது, அதாவது வேறு வேறு வேளையில் தின்றது. அடுத்தடுத்து இரண்டு வேளையும் அதே இனம், அதே வயது, அதே தொடைக்கறி. இரண்டு முறையும் அப்படியே செத்துக் கிடந்தது என்றால் நான் நம்பமாட்டேன். குட்டியாக இருக்கும்போது கால் நீண்டு ஒல்லியாக ஓடித் திரிந்த உடம்பு, வளர்ந்த பிறகு தலை பெருத்துத் தடித்த உடம்பு. ஒரே இனத்துக்குள் இரண்டு விதமான பிழைப்பு. டி. ரெக்ஸ் என்று ஒரே வாயில் பேசும்போது நாம் வளர்ந்ததை மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

சந்தேகப் பிராணி

குட்டி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். பல் பதிந்த வாலும் சரி. ஆனால் டி. ரெக்ஸுக்கு வெகுகாலம் முந்திய பெரிய ஊனுண்ணியான அல்லோசாரஸையும் யாராவது இதே கணக்கில் சேர்த்தால் மறுபடி வருவேன். நீண்ட கழுத்துத் தாவர உண்ணியான முப்பது டன் சாரோபாட் ஒன்று செத்து விழுந்தால் எத்தனை மாதத்துச் சாப்பாடு! அந்தக் காலத்தில் பிணம் தின்பது நல்ல பிழைப்பாகவே இருந்திருக்கலாம் என்று மாதிரி போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

காட்டோர வைத்தியன்

வாருங்கள். ஸ்டெகோசாரஸ் என்ற தாவர உண்ணியின் வால் முள் குத்தி ஆறிய அல்லோசாரஸ் எலும்பு ஒன்று இருக்கிறது, அதை வைத்துப் பேசுவோம். செத்த ஸ்டெகோசாரஸ் வாலைச் சுழற்றாது. ஆனால் அதற்குத் தனித் திரி தொடங்குங்கள். எனக்கு இப்போது தாளவாடி போக வேண்டும், ஒரு கன்றுக்குட்டி கிடக்கிறதாம்.